லென்ஸ் மூட்டையோடு ஐரோப்பாவுக்கு: கேள்வி-பதில்

கேள்வி: பாரிஸ், சுவிட்சர்லாந்து, ரோம் என்று 15 நாள் பயணம். ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார்) கேமராவும் அதனுடன் வந்த 18-55 மிமீ லென்ஸும் இருக்கின்றன. கடைக்காரர் 70-300 வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இதுவரை எடுத்த படங்களைக் கணினியில் திறந்து, எது எத்தனை மிமீ-யில் எடுத்தது என்று பாருங்கள் (எண் சின்னதானால் காட்சி அகலம், பெரிதானால் தூரத்தை இழுக்கும்). பாதிக்கு மேல் 18-இல் இருந்தால் உங்களுக்குத் தேவை அகலமாகப் பிடிக்கும் வைட், தூரத்தை இழுக்கும் டெலி அல்ல. ட்ரெவி நீரூற்றின் அகலம் சுமார் 49 மீட்டர். முன்னால் இருக்கும் சதுக்கமோ சின்னது, எந்நேரமும் கூட்டம். பின்னால் நகர இடம் இருக்காது. அங்கே 10-18 போன்ற லென்ஸ்தான் கைகொடுக்கும். 330 மீட்டர் ஈஃபில் கோபுரத்துக்கு உங்கள் 18-55 போதும். ஆற்றுக்கு எதிர்ப் பக்கம் ட்ரோகடேரோ சதுக்கத்தில் நின்றால் முழுதாக விழும்.

நானும் ஏமாந்தவன்தான். ஒன்றரைக் கிலோ 70-200 ஒன்றை ஒன்பது நாள் தோளில் சுமந்தேன். அதில் தேறியது கூரைமேல் உட்கார்ந்த ஒரு புறா.

கேள்வி: தேவாலயங்களுக்குள் படம் இருட்டாக வருகிறது. ஃபிளாஷ் வாங்கவா, டிரைபாட் வாங்கவா?

பதில்: இரண்டும் பையிலேயே தூங்கும். வாடிகன் அருங்காட்சியகத்தில் இரண்டுக்கும் தடை. சிஸ்டைன் சேப்பலில் படமே எடுக்கக் கூடாது. 35 மிமீ எஃப்/1.8 பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸ் வாங்குங்கள். எஃப் எண் சின்னதானால் வெளிச்சம் கூடும். கேமராவோடு வரும் கிட் லென்ஸின் எஃப்/5.6-ஐ விடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும்.

கேள்வி: பாரிஸ் கடையில் தள்ளுபடியில் லென்ஸ் வாங்கினேன். அறைக்கு வந்து பார்த்தால் என் கேமராவில் மாட்டவே முடியவில்லை. 14 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாமாமே?

பதில்: அது இணையத்தில் வாங்கியவருக்கு. கடையில் கையில் எடுத்துப் பார்த்து வாங்கியவருக்கு அந்த உரிமை இல்லை. 2 ஆண்டு சட்ட உத்தரவாதம் பழுதுக்குத்தான். மவுண்ட் (கேமராவில் லென்ஸ் மாட்டும் வாய்) பார்க்காதது லென்ஸின் பழுது அல்ல. பில்லோடு போய்க் கேளுங்கள். மாற்றிக் கொடுத்தால் அவர்கள் நல்ல மனசு.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஒரு வைட் லென்ஸ். 'கண்ணாடி சுத்தம்' என்றார் விற்றவர். உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. இப்போது போனை எடுப்பதில்லை.

பதில்: உங்கள்மேல் தப்பில்லை, மனசை விடாதீர்கள். விளம்பரத்தையும் அவர் அனுப்பிய செய்திகளையும் அழிவதற்குள் படமெடுத்து வையுங்கள். எந்தத் தளத்தில் வாங்கினீர்களோ அங்கே இன்றே புகார் செய்யுங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடமும் முறையிடுங்கள். பூஞ்சை மேலோட்டமானது என்றால் மெக்கானிக் துடைத்துவிடுவார். கண்ணாடியின் மேல்பூச்சை அரித்திருந்தால் தழும்பு போகாது. பயணத்துக்கு வாடகை லென்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அப்பர்ச்சரை (வெளிச்சம் நுழையும் துளையை) முழுக்கத் திறந்து, பின்பக்கம் டார்ச் அடித்து, சாய்த்துப் பாருங்கள்.

கேள்வி: கேமராவோடு 0.43 வைட், 2 மடங்கு டெலி, இரண்டும் இலவசம்! காம்போ லாபம்தானே?

பதில்: இலவசம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவை லென்ஸ் அல்ல, லென்ஸ் முன்னால் திருகும் கண்ணாடி வில்லைகள். நடுவில் ஏதோ தெரியும். ஓரமெல்லாம் சோப்புத் தண்ணீர் பூசினாற்போல் கலங்கும், விளக்கைச் சுற்றி ஊதா விளிம்பு கட்டும், மூலைகள் கறுக்கும். ஐரோப்பாவில் ஆசைப்பட்டு எடுக்கும் தேவாலயக் கோபுரங்கள் மூலைகளில்தான் விழும்! அப்புறம், அந்தக் கேமராவைத் தனியாக என்ன விலைக்குத் தருவார் என்று கேட்டுப் பாருங்கள். இலவசத்தின் விலை அதில் தெரியும். என் மேஜை இழுப்பறையில் அப்படி ஒரு வில்லை கிடக்கிறது. மருந்து டப்பாவின் பொடி எழுத்தைப் படிக்கப் பரவாயில்லை.

கேள்வி: நாளை விமானம். இன்று புது லென்ஸ் வாங்கலாமா?

பதில்: கூடாது.

கேள்வி: பாரிஸில் லென்ஸ் வாங்கினால் வரி திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர், ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கியிருந்தால். வரி 20 சதவீதம் என்பதால் கொடுத்த விலையில் ஆறில் ஒரு பங்கு வரும் என்று கணக்குப் போடாதீர்கள், இடையில் நிற்கும் நிறுவனம் கட்டணம் பிடிக்கும். கடையில் வரி திரும்பப் பெறும் படிவம் வாங்கி, ஒன்றியத்தை விட்டு வெளியேறும் இடத்தில் சுங்க முத்திரை வாங்க வேண்டும். லென்ஸ் கைப்பையில் இருக்கட்டும், காட்டச் சொல்லலாம்.

சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை. நான் பாரிஸில் வாங்கி, ரயிலேறி சூரிச் போய், அங்கிருந்து பறக்கும்போதுதான் படிவத்தை எடுத்தேன். முத்திரை வாங்க வேண்டிய பிரெஞ்சு எல்லையை இரண்டு நாள் முன்பே தூங்கிக்கொண்டு கடந்திருந்தேன்.