சிசேரியன் வலி: கேட்டவர்களுக்கு ஒரு சீனியர் நர்ஸின் பதில்கள்

கேள்வி: அக்கா, ஆபரேஷன் ஆகி நாலாவது நாள். மாத்திரை பாலில் கலந்துடும்னு அத்தை சொல்றாங்க. அதனால தாங்க முடியாதப்ப மட்டும் போட்டுக்கிறேன். சரிதானே?

பதில்: சரியில்லைம்மா. ஏறின வலியை இறக்குறது கஷ்டம். டாக்டர் எழுதின நேரத்துக்குப் போட்டுடு. பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் ரெண்டுமே பாலில் போறது ரொம்பக் கொஞ்சம். பாராசிட்டமால் 24 மணி நேரத்துல 4 கிராமைத் தாண்டக் கூடாது. 50 கிலோவுக்குக் கீழே இருந்தா அதைவிடக் குறைவு. (சளி மாத்திரையிலயும் பாராசிட்டமால் இருக்கும், அதையும் சேர்த்துக் கணக்குப் போடு.) ஐபுப்ரோஃபெனைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் போடணும். அல்சர், கிட்னி கோளாறு, ஆஸ்துமா, பிரஷர் இருந்தா கேட்காம தொடாதே.

கோடீன், டிராமடால்னு கடுமையான வலி மாத்திரைங்க இருக்கு, அது வேற கதை. சிலர் உடம்பு கோடீனை வேகமா மார்ஃபினா மாத்திடும். அது பால் வழியா போனா குழந்தை பால் குடிக்காம மயங்கிக் கிடக்கும், மூச்சும் மந்தமாகும். பால் கொடுக்கிறவங்களுக்கு ரெண்டுமே வேண்டாம்னு 2017-ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரிச்சது. சீட்டுல டிராமடால் இருந்தா டாக்டர்கிட்ட பேசு. அதுக்காக வலியோட படுத்தே கிடக்காதே. நடக்காம இருந்தா காலில் ரத்தம் உறையும், எனக்கு அதுதான் பயம்.

கேள்வி: எழுந்திருக்கும்போது உயிரே போகுது சிஸ்டர்.

பதில்: மல்லாந்த வாக்குல அப்படியே எழாதீங்க. முழங்காலை மடக்கி ஒருக்களிச்சு, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழுங்க. இருமல் வந்தா தலையணையைத் தையல் மேல அழுத்திப் பிடிங்க.

கேள்வி: தண்ணி குடிச்சா தையல் சீழ் பிடிக்கும்னு அரை டம்ளர்தான் தர்றாங்க.

பதில்: இதைக் கேட்டாலே கோபம் வருது! சீழ் கிருமியால வர்றது. தண்ணி குறைஞ்சா மலம் இறுகும், முக்கினா தையல்தான் வலிக்கும். தாகம் எடுக்கிறப்பல்லாம் குடிங்க. பத்தியத்துக்குத் தர்ற பூண்டுக் குழம்பை நான் வேண்டாம்னு சொல்லல.

கேள்வி: முதுகில் போட்ட ஊசியால ஆயுசுக்கும் முதுகுவலி வருமா?

பதில்: வராது. குத்தின இடம் சில நாள் வலிக்கும். அப்புறம் வர்றது பெரும்பாலும் குனிஞ்சு பால் கொடுக்கிறதால. ஆனா உட்கார்ந்தா மண்டை பிளந்து, படுத்தா குறையுதுன்னா ஊசி காரணமா இருக்கலாம், உடனே மயக்க டாக்டரைப் பாருங்க.

கேள்வி: எதுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

பதில்: 100.4 டிகிரி காய்ச்சல், தையல் சிவந்து நாத்தத்தோட நீர் வடியுறது, ஒரு கால் மட்டும் வீங்குறது, மூச்சுத்திணறல், அதிக ரத்தப்போக்கு. ராத்திரின்னு பார்க்காதீங்க. தையலைச் சுத்தி மரத்த மாதிரி இருக்கிறது இதுல சேராது, அது மாசக்கணக்குல இருக்கும்.