காலை 11 மணிப் படபடப்பு: சீனி இறங்கியதா, பதகளிப்பா?

கேள்வி: எனக்கு 57 வயது. திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். 11 வருடமாகச் சீனி வருத்தம், 6 வருடமாகப் பிரஷர். கிளிக்ளசைட், மெட்போமின், லோசாட்டன் குளிசைகள் போடுகிறேன். பதகளிப்பு வருத்தம் என்றும் வைத்தியர் சொல்லியிருக்கிறார். மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போகும் நாளில்தான் வங்கி, பிரதேச செயலகம், பாமசி, சந்தை எல்லாவற்றையும் சேர்த்து முடிப்பேன். 11 மணி போல வியர்த்து, கை நடுங்கி, நெஞ்சு அடிக்கத் தொடங்குகிறது. "அது உங்கட பயம் அம்மா" என்று மகள் சொல்கிறாள். பாதி வேலையை விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிடுகிறேன். இப்போது பஸ்ஸில் ஏறும்போதே நெஞ்சு அடிக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அம்மா, உங்கள் மகள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் நீங்கள் எழுதியதில் அந்த 11 மணியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பதகளிப்பு நேரம் பார்த்து வருவது குறைவு. குளிசை நேரம் பார்த்துத்தான் வேலை செய்யும்.

கிளிக்ளசைட் செய்வது இதுதான்: நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். விடிய 6 மணிக்கு அதைப் போட்டுவிட்டு, "இரத்தம் எடுக்க வேண்டும்" என்று வெறும் வயிற்றோடு கிளினிக் வாங்கில் இருந்தால், 10 மணிக்கும் 12 மணிக்கும் இடையில் குளிசை நல்ல வேகத்தில் இருக்கும், வயிற்றில் ஒன்றும் இருக்காது. சீனி இறங்கும். இறங்கிய சீனியை ஏற்ற உடம்பு அட்ரினலினைச் சுரக்கும். வியர்வை, நடுக்கம், நெஞ்சடிப்பு எல்லாம் அந்த அட்ரினலினின் வேலை. பதகளிப்பு வந்தாலும் சுரப்பது அதே அட்ரினலின்தான். ஆகவே இரண்டையும் உணர்ச்சியை வைத்துப் பிரிக்க முயல வேண்டாம். உங்களால் மட்டுமல்ல, வைத்தியராலும் முகத்தைப் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. குளுக்கோமீட்டர் சொல்லும். மெட்போமினும் லோசாட்டனும் தனியாக இந்த வேலையைச் செய்வதில்லை. சந்தேகம் முழுக்கக் கிளிக்ளசைட் மேல்தான்.

படபடப்பு தொடங்கியதும் இருங்கள். நடந்துகொண்டே சமாளிக்கப் பார்க்காதீர்கள். கதிரை இல்லாவிட்டால் கடைப் படி, பஸ் நிலைய வாங்கு, எதுவும் போதும். போத்தல் தண்ணீரில் விரலைக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள். இந்தக் கழுவலை யாரும் பெரிதாக எடுப்பதில்லை, அங்கேதான் பிழை வருகிறது. கையில் வாழைப்பழம் உரித்த பிசுக்கோ டொபிச் சீனியோ இருந்தால், 62 இருக்க வேண்டிய இடத்தில் மீட்டர் 150 காட்டலாம். நீங்களும் "சீனி நல்லா இருக்கு, இது பயம்தான்" என்று நம்பிவிடுவீர்கள். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்துங்கள், நோவு குறைவு. ஸ்ட்ரிப் போத்தலை உடனே இறுக மூடுங்கள். பெரும்பாலான போத்தல்களில் 30 பாகைக்குக் கீழே வைக்கச் சொல்லி அச்சிட்டிருக்கும். திருகோணமலை வெயிலில் ஆட்டோவின் பின்பக்கத்திலோ மோட்டார் சைக்கிள் பெட்டியிலோ அது கிடக்கக் கூடாது. கைப்பையின் உள்ளே, துணி ஒன்றில் சுற்றி வையுங்கள்.

70க்குக் கீழே காட்டினால் அது தாழ் சீனி. மட்டமாக 4 தேக்கரண்டிச் சீனி, அதாவது ஏறக்குறைய 16 கிராம், அரைக் கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். இதை வீட்டிலேயே அளந்து ஒரு சின்ன மருந்துப் போத்தலில் போட்டு வைத்தால், நடுங்கும் கையால் அளக்க வேண்டியதில்லை. 15 நிமிடம் பொறுத்துத் திரும்பப் பாருங்கள். இன்னும் 70க்குக் கீழே என்றால் இன்னொரு முறை அதே அளவு. ஏறியதும் 3, 4 மாரி பிஸ்கட்டோ ஒரு சின்ன வாழைப்பழமோ சாப்பிடுங்கள், அல்லது நேரே சாப்பாட்டுக்குப் போங்கள். இந்த இரண்டாவது சாப்பாட்டை விடுகிறவர்களுக்கு ஒரு மணித்தியாலத்தில் திரும்ப இறங்கும், ஏனெனில் குளிசை இன்னும் உடம்பில் நிற்கிறது.

சொக்லட், கிறீம் வைத்த பிஸ்கட், பால்டொபி இந்த நேரத்துக்கு உதவாது. கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதப்படுத்தும். கடையில் சோடா வாங்கினால் போத்தலில் உள்ள வர்ண வட்டத்தைப் பாருங்கள். 2016 முதல் நம் நாட்டில் அது கட்டாயம். சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி, மஞ்சள் என்றால் 2 முதல் 11 வரை, பச்சை என்றால் 2க்கும் குறைவு. மற்ற நாட்களில் நீங்கள் தேட வேண்டியது பச்சை. சீனி இறங்கிய அந்த ஒரு தருணத்தில் மட்டும் சிவப்பு, 150 மில்லிலீற்றர். பச்சை வட்டச் சோடாவை ஒரு போத்தல் முழுக்கக் குடித்தாலும் சீனி அசையாது. செவ்விளநீரை இதற்கு நம்ப வேண்டாம், ஒவ்வொரு காயிலும் இனிப்பு ஒவ்வொரு மாதிரி. அதில் பொட்டாசியமும் அதிகம். லோசாட்டன் பொட்டாசியத்தை உடம்பில் நிறுத்தி வைக்கிற மருந்து, ஆகவே சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் வைத்தியரைக் கேட்காமல் செவ்விளநீர் குடிக்கக் கூடாது.

மீட்டர் கையில் இல்லை, அல்லது ஸ்ட்ரிப் முடிந்துவிட்டது என்றால்? சீனி இறங்கியதாகவே எடுத்துக்கொண்டு சீனித் தண்ணீரைக் குடியுங்கள். பதகளிப்புக்கு 4 கரண்டிச் சீனி குடித்தால் வரும் நட்டம் சின்னது. இறங்கிய சீனியைப் பதகளிப்பு என்று நினைத்து மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருந்தால் வரும் நட்டம் மயக்கம். மயங்கியவரின் வாயில் சீனியோ தண்ணீரோ ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போகும். சரித்துப் படுக்க வைத்து 1990க்கு அழைக்க வேண்டும். அந்த அம்புலன்ஸ் இலவசம். இதை உங்கள் மகளுக்கு இன்றே சொல்லி வையுங்கள்.

மீட்டர் 80, 90 காட்டியும் நடுக்கம் நிற்காமல் இருக்கலாம். பல மாதம் 250, 300 என்று சீனி இருந்தவர்களின் உடம்பு அந்த உயரத்துக்குப் பழகிவிடும். மருந்து சரிவரத் தொடங்கியதும் 95 கூட அதற்குத் தாழ்வாகத் தெரியும். சில கிழமைகளில் இது அடங்கும். அதுவரை சீனித் தண்ணீர் வேண்டாம், இரண்டு பிஸ்கட் போதும். எதிர்ப்பக்கமும் உண்டு: பதகளிப்பின் உச்சத்தில் அட்ரினலின் சீனியை ஏற்றி 200 காட்ட வைக்கலாம். அந்த எண்ணைப் பார்த்துப் பயந்து கூடுதலாக ஒரு குளிசை போட்டுவிடாதீர்கள். பதகளிப்பு அடங்கினால் எண்ணும் இறங்கும்.

சரி, சீனி 130, ஆனாலும் நெஞ்சு அடிக்கிறது. இப்போது அது பதகளிப்பாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மூக்கால் 4 எண்ணும் வரை இழுத்து, 6 எண்ணும் வரை விடுங்கள். 5 நிமிடம். விடும் மூச்சு நீளமாக இருப்பதுதான் முக்கியம். வேகமாக மூச்சு வாங்கினால் இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து விரலும் உதட்டைச் சுற்றியும் விறைக்கும், அந்த விறைப்பைப் பார்த்து இன்னும் பயம் கூடும். பதகளிப்பின் உச்சம் பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் வந்து, பிறகு மெல்ல இறங்கும். நீங்கள் ஆட்டோ பிடிப்பது அந்த உச்சத்தில்தான். ஏறியதும் ஆறுதல் வருகிறது, உடனே மூளை "பட்டினம் ஆபத்து, ஆட்டோ காப்பாற்றியது" என்று பதிந்துகொள்கிறது. அடுத்த மாதம் பஸ்ஸில் ஏறும்போதே நெஞ்சு அடிப்பதற்குக் காரணம் இதுதான். ஆகவே வீட்டுக்குப் போகலாம், தவறில்லை. ஆனால் படபடப்பு பாதியாவது இறங்கிய பிறகு, ஏதாவது ஒரு சின்ன வேலையை, ஒரு முத்திரை வாங்குவதையாவது, முடித்துவிட்டுப் போங்கள்.

ஒரு எச்சரிக்கை இங்கே கட்டாயம் வேண்டும். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, மாரடைப்பு பெரிய நெஞ்சுவலி இல்லாமலே வரலாம். மூச்சு முட்டல், குளிர்ந்த வியர்வை, தாடையிலோ இடது கையிலோ மேல் வயிற்றிலோ இறுக்கம், நடந்தால் கூடுவது, 15 நிமிடம் இருந்தும் குறையாதது: இவற்றில் ஏதும் இருந்தால் பதகளிப்பு என்று பெயர் வைக்காதீர்கள். 1990.

இனி அந்தக் கிளினிக் நாளை எப்படி மாற்றி அடுக்குவது என்று பார்ப்போம். இரத்தப் பரிசோதனையைக் கிளினிக் நாளில் இருந்து பிரித்துவிடுங்கள். முதல் நாளோ அதற்கு முதல் நாளோ வீட்டுக்குப் பக்கத்து ஆய்வுகூடத்தில் எடுத்து, றிப்போட்டைக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக் கொண்டுபோகலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள். வெறும் வயிற்றுச் சீனிக்கு 8 மணித்தியாலம் போதும். பலர் இரவு 7 மணிக்குச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் 9 மணிக்கு இரத்தம் கொடுக்கிறார்கள், அது 14 மணித்தியாலம். இரவு 9 மணிக்குச் சாப்பிட்டு விடிய 7 மணிக்குக் கொடுத்தால் 10 மணித்தியாலம்தான். தண்ணீர் குடிக்கலாம். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1சி பரிசோதனைக்கு வெறும் வயிறே தேவையில்லை.

கிளினிக்கிலேயே இரத்தம் எடுப்பார்கள் என்றால், கிளிக்ளசைட்டை வீட்டில் போடாதீர்கள். குளிசையையும் சாப்பாட்டையும் ஒன்றாகக் கட்டுங்கள்: இரண்டு குரக்கன் ரொட்டி, ஒரு அவித்த முட்டை, அதே பையில் குளிசை. இரத்தம் எடுத்ததும் பையைத் திறவுங்கள், அதற்கு முன்னால் இரண்டுமே இல்லை. வரிசை நீண்டால் "சீனி வருத்தம், இன்னும் சாப்பிடவில்லை" என்று மிஸ்ஸியிடம் எழுந்து சொல்லுங்கள். அது உங்கள் உரிமை, வெட்கப்பட ஒன்றுமில்லை. பிரஷர் குளிசையான லோசாட்டனைப் பொதுவாகத் தண்ணீரோடு வழமையான நேரத்துக்கே போடலாம். வெறும் வயிற்றில் சாயம் கூடிய பிளேன்ரீ வேண்டாம், அதுவே நெஞ்சடிப்பைக் கூட்டும். கிளினிக்கில் பிரஷர் பார்க்க முன்னர் 5 நிமிடம் பேசாமல், காலைக் காலுக்கு மேல் போடாமல் இருங்கள். அங்கே மட்டும் கூடுகிறது என்றால் வீட்டில் ஒரு கிழமை பார்த்து எழுதிய எண்களைக் காட்டுங்கள்.

வேலைகளைப் பொறுத்தவரை, ஒரு நாளைக்கு இரண்டு போதும்: கிளினிக்கும், அது முடிந்து சாப்பிட்ட பிறகு பாமசியும். வங்கியும் பிரதேச செயலகமும் வேறொரு நாள். ஓய்வூதியம் வரும் நாளில் வங்கிக்குப் போகாதீர்கள், வரிசை வாசல் வரை வரும். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்தில் பட்டினத்தில் பல கடைகள் பூட்டியிருக்கும். போயா நாளில் வங்கியும் அலுவலகமும் இல்லை. இப்படி ஏதாவது குறுக்கிட்டாலும் தடுமாறாதபடி ஒரு கிழமைக் குளிசை எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். மே முதல் கச்சான் காற்று வீசும் மாதங்களில் எல்லா வேலையையும் 10 மணிக்கு முன்னர் முடியுங்கள். அந்த உலர் காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடும், எவ்வளவு நீர் போனது என்று தெரியாது. கழிவறை தேட வேண்டுமே என்று பலர் தண்ணீரைக் குறைக்கிறார்கள். அதனால் பிரஷர் விழுந்து எழும்பும்போது தலை சுற்றும், அதுவும் பதகளிப்பு போலவே இருக்கும். இதய வருத்தத்துக்கோ சிறுநீரகத்துக்கோ தண்ணீரைக் கட்டுப்படுத்தச் சொல்லாவிட்டால், வெளியில் நிற்கும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் ஒரு கிளாஸ் கணக்கில் குடியுங்கள். வரிசையில் நிற்கும்போது குதிகாலை உயர்த்தித் தாழ்த்துங்கள், காலில் தேங்கும் இரத்தம் மேலே ஏறும்.

வந்த கையோடு கோணேசர் கோயிலுக்கும் போய் வருவோம் என்று நினைப்பீர்கள். மதிய வெயிலில் அந்தக் கல்லில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். சீனியால் பாதம் மரத்தவர்களுக்குச் சூடு தெரியாது, வீட்டுக்கு வந்து பார்த்தால் கொப்புளம் இருக்கும், ஆற மாதக்கணக்காகும். விடியவோ, கல் ஆறிய பின்னேரமோ போங்கள்.

மீட்டர் பையில் இருப்பதால் 15 நிமிடத்துக்கு ஒருமுறை குத்திப் பார்க்கும் பழக்கம் வந்துவிடக் கூடாது, அது பதகளிப்புக்குத் தீனி. வீட்டால் வெளிக்கிட முன்னர் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு முன்னர் ஒன்று, அறிகுறி வந்தால் ஒன்று. வெளிக்கிடும்போது 100க்குக் கீழே இருந்தால் சாப்பிட்ட பிறகே பஸ் ஏறுங்கள்.

பஸ் பயத்துக்குத் தனிப் பயிற்சி வேண்டும். கிளினிக் இல்லாத நாளில், சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்துக்குள், ஒரே ஒரு வேலைக்காகப் பட்டினம் போய் வாருங்கள். கிழமைக்கு மூன்று தடவை. முதல் வாரம் மகளோடு, பிறகு தனியாக. மனம் தாங்காத நாளில் 1926க்கு எடுத்துப் பேசலாம், அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம்.

படபடப்பு வந்த ஒவ்வொரு முறையும் நேரம், மீட்டர் எண், கடைசியாகச் சாப்பிட்டது எப்போது என்று மூன்றை மட்டும் கிளினிக் கொப்பியின் பின் பக்கத்தில் எழுதுங்கள். மாதத்தில் இரண்டு தடவை 70க்குக் கீழே வந்திருந்தால், அடுத்த கிளினிக் வரை காத்திராமல் காட்டி, கிளிக்ளசைட்டின் அளவைக் குறைக்கவோ மாற்றவோ முடியுமா என்று கேளுங்கள். படபடப்புக்கென்று புறொப்ரனலோல் எழுதினால், எனக்குச் சீனி இறங்குவதுண்டு என்று கட்டாயம் சொல்லுங்கள். அது நெஞ்சடிப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். பிறகு சீனி இறங்கியதைக் காட்ட வியர்வை ஒன்றுதான் மிஞ்சும்.