தொட்டிச் செடியடியில் ஒரு தட்டைப்புழு

கேள்வி: மழைக்காலத்தில் எங்கள் வீட்டுத் தொட்டிச் செடிகளின் அடியில், தலை பிறைபோல விரிந்து, முதுகில் கருங்கோடுகள் ஓடும் நீண்ட புழு ஒன்றைப் பார்க்கிறேன். அது மண்புழுவைப் பற்றித் தின்கிறது. பாடநூலில் படித்த தட்டைப்புழு இதுதானா? ‘பிளாட்டிஹெல்மின்தஸ்’ என்று பெயர் வைத்தது ஏன்?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: ஆம், தட்டைப்புழுவேதான். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் பைபாலியம் என்னும் பேரினத்துக்குப் பொருந்துகின்றன. முதுகில் ஐந்து கோடுகள் இருந்தால், அது பைபாலியம் கியூவென்சி ஆகலாம். தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த இந்தப் புழு, செடிகளின் வேர்மண்ணோடு ஊர் ஊராகப் பரவியது. லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்துக் கண்ணாடிக் குடிலில் கிடைத்ததை வைத்து 1878இல் ஆங்கிலேய இயற்கையியலாளர் மோஸ்லி இதை விவரித்ததால், பிறந்த மண்ணின் பெயர் போய்க் கியூவின் பெயரே ஒட்டிக்கொண்டது.

கிரேக்கத்தில் ‘பிளாட்டிஸ்’ என்றால் தட்டை. ‘ஹெல்மின்ஸ்’ என்றால் புழு, அதிலும் பெரும்பாலும் குடலில் வாழும் புழு. நாடாப்புழுவுக்கும் கல்லீரல் புழுவுக்கும் பொருந்துகிற இந்தச் சொல், யார் குடலிலும் குடியிருக்காத உங்கள் தோட்டத்துப் புழுவையும் சேர்த்தே குறிக்கிறது. மருத்துவர்களோ தட்டைப்புழு அல்லாத உருளைப்புழுக்களையும் ஹெல்மின்த் என்றே அழைக்கிறார்கள். பள்ளிகளில் குடற்புழு நீக்க நாளன்று தரும் அல்பெண்டசோல் மாத்திரை முதன்மையாகக் குறிவைப்பது அந்த உருளைப்புழுக்களைத்தான்.

பெயரின் முதற்பாதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்த உயிரிகளுக்கு இரத்த ஓட்டம் இல்லை, சுவாச உறுப்பு இல்லை, உடற்குழியும் இல்லை. ஆக்சிஜன் தோல் வழியே ஊடுருவித்தான் ஒவ்வொரு செல்லையும் சேர வேண்டும் என்பதால், எந்தச் செல்லும் மேற்பரப்பிலிருந்து வெகுதொலைவில் இருக்க முடியாது. தட்டையாக இருப்பது அவற்றுக்கு உயிர்ப் பிரச்சினை. கிளை கிளையாகப் பிரிந்து உடலெங்கும் ஓடும் குடலே, இரத்தத்துக்குப் பதிலாக உணவைக் கொண்டு சேர்க்கிறது. கழிவுநீரைச் சுடர்செல்கள் வெளியேற்றுகின்றன. நாடாப்புழுவுக்கு அந்தக் குடல்கூடக் கிடையாது. நம் குடலில் செரித்துக் கிடக்கும் உணவைத் தோலாலேயே உறிஞ்சிக்கொண்டு, மாட்டிறைச்சி வழியே பரவும் இனம் பல மீட்டர் வளர்ந்துவிடுகிறது.

அடுத்த முறை உங்கள் புழு இரை எடுக்கும்போது கூர்ந்து பாருங்கள். அதன் வாய் தலையில் இல்லை. உடலின் அடிப்பக்கத்தில், நடுப்பகுதியில் இருக்கிறது. மண்புழுவைக் கோழையால் பிடித்து ஒட்டிக்கொண்டு, தொண்டைக் குழாயை அந்த வாய் வழியே வெளியே நீட்டிச் செரிமான நீரைச் சுரந்து, கரைந்த சதையை உறிஞ்சுகிறது. மலத்துளை இல்லாததால் எச்சமும் அதே வாய் வழியாகத்தான் வெளியேறும்.

தொல்லை என்று எண்ணி மண்வெட்டியால் துண்டாக்கிவிடாதீர்கள். இதன் உறவான பிளனேரியா என்னும் நன்னீர்த் தட்டைப்புழுவை வெட்டிப் பார்த்த அமெரிக்க உயிரியலாளர் மார்கன், உடலில் 279இல் ஒரு பங்கே உள்ள துண்டுகூட முழுப் புழுவாக வளரக்கூடும் என்று 1898இல் எழுதினார். உடல் முழுதும் பரவியுள்ள ‘நியோபிளாஸ்ட்’ என்னும் குருத்தணுக்களே இதற்குக் காரணம். உங்கள் பைபாலியமும் வால்நுனியைத் தானே அறுத்துவிட்டுப் பெருகும் வழக்கமுடையது. பேத்தை மீனில் உள்ள டெட்ரோடோடாக்சின் நஞ்சு இதன் உடலிலும் சிறிதளவு கண்டறியப்பட்டிருப்பதால், வெறுங்கையால் தொடாமல் குச்சியால் எடுத்து உப்பில் போடுங்கள். கோழி, நாய் முதலியவை தின்றுவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.