அக்டோபர் 31 அன்று அம்மா வீட்டுக் கதவைத் தட்டலாமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் குடும்பத்தோடு இருக்கிறேன். 78 வயது அம்மா எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி, தரைத்தள ஃப்ளாட்டில் தனியாக இருக்கிறார். சொந்த ஊர் உடன்குடி. அப்பா போன ஆண்டு ஆடியில் தவறிவிட்டார். போன ஹாலோவீன் (பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்கும் அக்டோபர் 31) அன்று இரவு எட்டு மணிக்கு மேல் முகமூடி போட்ட பெரிய பையன்கள் சிலர் அம்மா வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். அம்மா திறக்கவில்லை. ஜன்னலில் முட்டை அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். இதை அம்மா என்னிடம் சொல்லவே இல்லை. ஒரு வாரம் கழித்துப் போனபோது கண்ணாடியில் காய்ந்து கிடந்ததைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும். கேட்டால், "வெள்ளிக்கிழமையும் அதுவுமா, வெளக்கு வச்ச நேரத்துல, பேய் வேஷம் போட்டுட்டு வாசல்ல வந்து நிக்கானுவ" என்று மட்டும் சொன்னார். இந்த ஆண்டு அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்றேன். "ஏட்டி, என் வீட்ட விட்டு நான் எதுக்கு வரணும்?" என்கிறார். யாரும் வரவேண்டாம் என்று போஸ்டர் ஒட்டிவிடலாம் என்கிறார் என் கணவர். எட்டு வயது மகளோ பாட்டி வீட்டுக்குத்தான் முதலில் வேஷத்தோடு போவேன் என்று குதிக்கிறாள். நான் என்ன செய்யட்டும்?
- பெயர் வேண்டாம், ஹாரோ

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கணவர் நினைப்பது, மகள் நினைப்பது, நீங்கள் நினைப்பது எல்லாம் கடிதத்தில் இருக்கிறது. அம்மா என்ன விரும்புகிறார் என்பது மட்டும் இல்லை. வீட்டை விட்டு வரமாட்டேன் என்று சொன்னார், அவ்வளவுதான். அந்த ஒரு மாலையை எப்படிக் கழிக்க ஆசை என்று அவரிடம் யாராவது கேட்டீர்களா? அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

லண்டனில் முதியோர் பகல் மையம் ஒன்றில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். அக்டோபர் பிறந்ததும் அங்கே இந்தப் பேச்சு வந்துவிடும். வயதானவர்கள் எல்லாருக்கும் ஹாலோவீன் என்றால் பயம், இல்லாவிட்டால் எரிச்சல் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. ஆண்டு முழுக்கத் தபால்காரரைத் தவிர யாரும் பெல் அடிக்காத வீடுகள் இந்த ஊரில் நிறைய. அப்படி ஒரு வீட்டில் இருந்த அம்மையார், நான்கைந்து வாரம் முன்னாலேயே சாக்லேட் பாக்கெட் வாங்கி அலமாரியில் வைத்துவிடுவார். எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், யார் என்ன வேஷம் என்று மறுவாரம் முழுக்க எங்களிடம் சொல்லுவார். அவருக்கு அது திருவிழா. அதே மேஜையில் எதிரே இருந்த இன்னொருவர் வாக்கர் பிடித்து நடப்பவர். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து கதவுக்கு வருவதற்குள் மூன்று முறை பெல் அடித்துவிடும், திறந்தால் ஆள் இருக்காது. ஒவ்வொரு தடவையும் எழுந்து உட்கார்ந்து கால் ஓய்ந்துபோகும். குழந்தைகள் மேல் அவருக்குக் கோபம் கிடையாது. அவசரத்தில் விழுந்துவிடுவேனோ என்பதுதான் அவர் கவலை.

இங்கிலாந்தில் வளர்ந்த முதியவர்கள் பலருக்கு இது சின்ன வயதுப் பழக்கமும் இல்லை. வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்கும் இந்த அமெரிக்க முறை அங்கே பரவலானது 1980-களில்தான். அவர்கள் காலத்தில் நவம்பர் 5-க்கு முன்னால் பழைய துணியில் கை ஃபாக்ஸ் (Guy Fawkes, 1605-இல் நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கப் பார்த்துப் பிடிபட்டவன்) பொம்மை செய்து தெருவில் வைத்துக் காசு கேட்டவர்கள். ஸ்காட்லாந்துக்காரர் கதை வேறு. எங்கள் மையத்துக்கு வந்த ஒரு ஸ்காட்லாந்துத் தாத்தா, டர்னிப் கிழங்கைக் கரண்டியால் குடைந்து விளக்கு செய்ததை மணிக்கட்டைத் திருகித் திருகி நடித்தே காட்டுவார். பூசணி மாதிரி அல்ல, டர்னிப் கல்லாக இருக்கும், குடைந்து முடிப்பதற்குள் உள்ளங்கை கொப்பளித்துவிடும். உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றினால் மூடி கருகி ஒரு வாடை வரும், அதுதான் தன் மூக்கில் ஹாலோவீன் வாசனை என்பார். வேஷம் போட்டுப் போனால் ஒரு பாட்டோ கவிதையோ சொன்ன பிறகுதான் கடலையும் ஆப்பிளும் கிடைக்குமாம். இப்போது சும்மா பையை நீட்டுகிறார்களே என்பது அவருடைய ஆதங்கம். அது நியாயமான ஆதங்கம் என்றே நானும் நினைக்கிறேன்.

இனி உங்கள் அம்மாவுக்கு வருவோம். உடன்குடிக்காரர் என்கிறீர்கள். பக்கத்தில் குலசேகரப்பட்டினம். தசரா சமயத்தில் முத்தாரம்மனுக்கு மாலை போட்டு, காளி, குரங்கு, போலீஸ், எமன் என்று வேஷம் கட்டி வீடு வீடாக வந்து காணிக்கை கேட்பவர்களைப் பார்த்து வளர்ந்தவர் அவர். நாக்கைத் தொங்கப்போட்டுக் காளி வந்து வாசலில் நின்றாலும் கும்பிட்டுக் காசு போட்டிருப்பார். அதனால் அவரைப் பயமுறுத்தியது பேய் வேஷம் என்று எனக்குத் தோன்றவில்லை. அங்கே வேஷத்துக்குள்ளே இருப்பது யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும், எதற்காக விரதம் இருக்கிறான் என்றும் தெரியும். இங்கே இருட்டில் வந்து தட்டியவர்கள் யார், எத்தனை பேர், என்ன வேண்டும் என்று எதுவுமே தெரியாது. வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த நேரம் என்று அவர் சொன்னதைப் பழைய நம்பிக்கை என்று தள்ளிவிடாதீர்கள். அந்த நேரத்தில் வாசலுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று பழகியவர், கதவைத் திறக்க முடியாமல் உள்ளேயே இருந்திருக்கிறார். பயத்தோடு அந்தச் சங்கடமும் சேர்ந்திருக்கும்.

இன்னொன்று. அப்பா தவறியது ஆடியில் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அப்படியானால் போன ஹாலோவீன், அம்மா தனியாக இருந்த முதல் குளிர்காலத்தின் தொடக்கம். அந்த மாதத்தில் இங்கே தெருவில் நடந்து பாருங்கள். வீட்டு முன்தோட்டங்களில் பிளாஸ்டிக் கல்லறைகள், மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் எலும்புக் கை. மூன்று மாதத்துக்கு முன்னால் கணவரைப் பறிகொடுத்த பெண் பஸ் ஸ்டாப்புக்குப் போகவும் வரவும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். வைத்தவர்கள் மேல் குற்றம் இல்லை, அவர்களுக்கு அது விளையாட்டு. ஆனால் அம்மாவுக்கு அது எப்படி இருந்தது என்று நீங்களாவது கேட்டிருக்கலாம். இன்னும் நேரம் இருக்கிறது, கேளுங்கள்.

முட்டை விஷயத்தை ஏன் மறைத்தார் என்பதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. தனியாக இருக்கும் பெற்றோர் பலர் இப்படித்தான் செய்கிறார்கள். பாத்ரூமில் வழுக்கியது, அடுப்பை அணைக்க மறந்தது, யாரோ கதவைத் தட்டியது என்று எதைச் சொன்னாலும், "இதுக்குத்தான் எங்களோடு வந்து இருங்கன்னு சொல்றேன்" என்று பிள்ளைகள் ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒரு தகவல் சொன்னால் வீடே போய்விடும் என்றால் யார் சொல்வார்கள்? நீங்கள் பாசத்தில்தான் கூப்பிட்டீர்கள், எனக்குப் புரிகிறது. அவர் காதில் அது, உன் வீட்டில் இருக்க உனக்குத் திராணி இல்லை என்று விழுந்திருக்கும். அதனால் இந்தப் பேச்சை எடுக்கும்போது முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "அம்மா, நீங்க உங்க வீட்லதான் இருக்கப் போறீங்க. அன்னிக்கு எப்படி இருந்தா உங்களுக்கு வசதி, அதை மட்டும் சொல்லுங்க." பிறகு அவர் எது நடந்தாலும் உங்களிடம் சொல்வார். ஹாலோவீனை விட அது பெரிய லாபம்.

அவர் யாரும் வரவேண்டாம் என்றால், உங்கள் கணவர் சொன்ன போஸ்டர் நல்ல வழி. பல ஊர்ப் போலீஸ் துறைகள் இதை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன, அச்செடுத்துக் கதவில் குழந்தைகளின் கண்ணுக்குத் தெரியும் உயரத்தில் ஒட்டினால் போதும். வாசலில் பூசணி விளக்கோ அலங்காரமோ இல்லாத வீட்டைத் தட்டக்கூடாது என்பது இங்கே பல தெருக்களில் எழுதப்படாத வழக்கம், சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வரும் பெற்றோர் பெரும்பாலும் அதை மதிக்கிறார்கள். ஆனால் தயவுசெய்து விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்காரச் சொல்லாதீர்கள். கடன்காரனுக்குப் பயந்தவர் மாதிரி தன் வீட்டில் தானே ஒளிந்திருப்பது ஒரு மனுஷியைக் குறுக்கிவிடும். இருட்டில் தடுக்கி விழும் ஆபத்தும் உண்டு. விளக்குகள் எரியட்டும், பின்னறையில் டிவி பார்க்கட்டும், பக்கத்திலேயே போன் இருக்கட்டும். நீங்களோ கணவரோ அன்று ஏழு மணியிலிருந்து ஒன்பது மணிவரை அவரோடு போய் இருங்கள். அவரை உங்கள் வீட்டுக்கு இழுப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

பிள்ளைகள் வந்தால் பிடிக்கும் என்றால், நேரத்தை மட்டும் குறுக்குங்கள். அக்டோபர் 25 ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள். அதனால் 31-ஆம் தேதி நாலரை மணி தாண்டியதும் சூரியன் போய்விடும். அப்பா அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வரும் குட்டிகள் ஐந்திலிருந்து ஆறரைக்குள் வந்து போய்விடுவார்கள். அதற்கு மேல் வருவது பெரும்பாலும் பெரிய பிள்ளைகள், இந்த ஆண்டு சனிக்கிழமை வேறு. ஆகவே ஆறரைக்கு வாசல் பூசணியை உள்ளே எடுத்துவிட்டுப் போஸ்டரை ஒட்டிவிடுங்கள். அதுவரை கதவுச் சங்கிலி மாட்டியே இருக்கட்டும். இல்லையென்றால் வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு மிட்டாய்க் கூடையை வைத்துவிட்டு, அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து கை அசைக்கலாம். எழுந்து எழுந்து நடக்கும் வேலை இல்லை.

அம்மா முறுக்கோ அதிரசமோ சுட்டுக் கொடுக்க ஆசைப்படுவார். தீபாவளி நவம்பர் 8-இல் வருகிறது, எப்படியும் மாவு தயாராகும். தெரியாத வீட்டுப் பலகாரத்தைப் பெற்றோர் வாங்க விடமாட்டார்கள், வேர்க்கடலை மாதிரிப் பொருள்களால் ஒவ்வாமை வந்துவிடுமோ என்ற பயம் இங்கே அதிகம். கையில் வாங்கிய அதிரசத்தைப் பிள்ளையின் தாய் சிரித்துக்கொண்டே திருப்பித் தருவதைப் பார்த்தால் அம்மா மனசு நொந்துபோகும். இதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள், பலகாரம் அக்கம்பக்கத்துத் தெரிந்த வீடுகளுக்குப் போகட்டும். கடையில் வாங்குவதிலும் கவனம். மெத்தென்ற ஜவ்வு மிட்டாய்கள் பலவற்றில் ஜெலட்டின் இருக்கும், அது மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுப்பது. தெரியாமல் கொடுத்துவிட்டு அப்புறம் தெரிந்தால் சைவக்காரர்களுக்கு மாதக்கணக்கில் உறுத்தும். பாக்கெட்டின் பின்பக்கம் பார்த்து வாங்குங்கள்.

முட்டை அடித்த பையன்களைச் சும்மா விட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அந்த வாரம் சிறுவர்களுக்கு முட்டையும் மாவும் விற்கமாட்டோம் என்று சில கடைகளே மறுக்கிற அளவுக்கு இது இங்கே தெரிந்த தொல்லை. மறுபடி நடந்தால் போலீஸின் அவசரமில்லாத எண்ணான 101-க்குச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். யாராவது கதவை உடைக்கப் பார்த்தாலோ மிரட்டினாலோ அவசர எண் 999, அதில் யோசனையே வேண்டாம். இரண்டு எண்களையும் பெரிய எழுத்தில் எழுதிப் போன் பக்கத்தில் ஒட்டுங்கள். தெரு வாட்ஸப் குழு இருந்தால், இந்த ஃப்ளாட்டில் வயதானவர் தனியாக இருக்கிறார் என்று எழுதாதீர்கள், அது யார் கண்ணில் படும் என்று தெரியாது. பக்கத்து வீட்டு மனிதர்களிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். போகும்போது அம்மாவையும் கூட்டிப் போங்கள். அவர்கள் பிள்ளைகளை அம்மா பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டால், 31-ஆம் தேதி முகமூடிக்குள் இருப்பது யார் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

உங்கள் மகளுக்குச் சரி என்று சொல்லிவிடலாம், பாட்டியிடம் அவளே கேட்டு அனுமதி வாங்கினால். அவளே போன் போட்டு, என்ன வேஷம், எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்கட்டும். எலும்புக்கூடு, கல்லறைப் பேய் எல்லாம் இந்த ஆண்டு வேண்டாம். தாத்தா போய் ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை என்று சொன்னால் எட்டு வயதுப் பிள்ளைக்குப் புரியும். வாசலில் நின்று, முகமூடியைக் கழற்றிவிட்டு, அந்த ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் மாதிரி ஒரு பாட்டுப் பாடிவிட்டு வாங்கிக்கொள்ளட்டும். தமிழ்ப் பாட்டாக இருந்தால் பாட்டிக்கு இன்னும் சந்தோஷம்.

இதையெல்லாம் 31-ஆம் தேதி காலையில் போனில் பேசி முடிக்க முடியாது. இந்த வார இறுதியிலேயே நேரில் போங்கள், கணவரையும் மகளையும் வீட்டில் விட்டுவிட்டு.