முன் கியர் நழுவினால் உடனே கியர்பெட்டியைப் பிரிக்க வேண்டுமா?

கேள்வி: அப்பா வைத்திருந்த பழைய ஜான்சன் 25 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் படகு மோட்டாரை இப்போது நான் பினாங்கின் தெலுக் பாஹாங்கில் ஓட்டுகிறேன். முன் கியர் போட்டு வேகம் கூட்டினால் 'கடகட'வென்று சத்தம் வந்து கியர் நழுவிவிடுகிறது. பின் கியர் நன்றாகவே விழுகிறது. மோட்டாரைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பின் இம்பெல்லரை (உள்ளே சுற்றும் சக்கரத்தை) மாற்றிய பிறகுதான் இப்படி. கியரை முழுதாக மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். இம்பெல்லர் மாற்றிய பிறகு வந்த கோளாறு என்கிறீர்களே, முதலில் அங்கேதான் தேட வேண்டும்.

கியர்பெட்டிக்குள் முன் கியரும் பின் கியரும் எப்போதும் எதிரெதிர்த் திசையில் சுற்றிக்கொண்டே இருக்கும். நடுவில் புரொப்பெல்லர் தண்டின் மேல் நகரும் ஒரு துண்டு உண்டு. 'கிளட்ச் டாக்' என்பார்கள். அது எந்தக் கியரின் பற்களில் போய் மாட்டுகிறதோ, அந்தத் திசையில் படகு போகும். டாக்கை நகர்த்துவது மேலிருந்து இறங்கும் ஷிஃப்ட் கம்பி. இம்பெல்லர் மாற்ற மோட்டாரின் கீழ்ப்பகுதியை இறக்கும்போது இந்தக் கம்பியின் இணைப்பைக் கழற்றியாக வேண்டும். அப்போது கீழ்க்கம்பி ஒரு சுற்று திரும்பியிருந்தாலும் அதன் உயரம் மாறிவிடும். ஒரு கியர் முழுதாக மாட்டும், மற்றது அரைகுறையாக மாட்டி வேகம் கூடியதும் நழுவும். உங்கள் மோட்டார் செய்வது இதைத்தான்.

ஸ்பார்க் பிளக் வயர்களைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங் பக்கமுள்ள கியர் பிடியிலிருந்து வரும் ரிமோட் கேபிளை மோட்டார் பக்கம் விடுவியுங்கள். ஒருவர் புரொப்பெல்லரைக் கையால் சுற்றட்டும். நீங்கள் மோட்டாரின் ஷிஃப்ட் லீவரை முன் கியருக்குத் தள்ளுங்கள். புரொப்பெல்லரைச் சுற்றாமல் தள்ளினால் பற்கள் நேருக்கு நேர் முட்டி நிற்கும், அழுத்திப் பார்க்காதீர்கள். கையால் லீவர் போகிற தூரம் கேபிள் இழுக்கும்போது போகவில்லை என்றால், கோளாறு கேபிளில் அல்லது அதன் அட்ஜஸ்ட்மெண்டில் இருக்கிறது. உப்பில் இறுகிப்போன கேபிளுக்கு எண்ணெய் விட்டுப் பிரயோசனமில்லை, புதிது போடுங்கள். கேபிள் சரி என்றால், உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்குக் கம்பியின் உயரத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள். கண் அளவில் செய்ய விடாதீர்கள்.

இதற்குப் பிறகும் நழுவினால்தான் டாக்கின் முனைகள் மழுங்கிவிட்டன என்று பொருள். அதிகம் பயன்படுவது முன் கியர் என்பதால் அந்தப் பக்கம்தான் முதலில் தேயும். அப்போதும் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. டாக்கையும் முன் கியரையும் ஜோடியாக மாற்றினால் போதும். ஒன்றை மட்டும் மாற்றினால் தேய்ந்த பல் புதியதையும் கெடுத்துவிடும். பெட்டியைத் திறந்த கையோடு சீல்களையும் மாற்றிவிடுங்கள்.

எதற்கும் முதலில் கியர் ஆயிலைப் பாருங்கள். பால் போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆயிலை வடிக்கும் காந்தத் திருகில் மெல்லிய கருஞ்சேறு ஒட்டியிருந்தால் பயமில்லை. உலோகச் சில்லுகள் வந்தால் பெட்டியைப் பிரித்தே ஆக வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய ஜான்சன், எவின்ரூட் மோட்டார்கள் பலவற்றில் ஆயில் திருகுக்குப் பக்கத்திலேயே கூட்டல் குறித் தலையுள்ள திருகு ஒன்று இருக்கும். அது ஷிஃப்ட் அமைப்பைத் தாங்கும் முளை. ஆயில் திருகு என்று நினைத்து அதைக் கழற்றினால் உள்ளே இணைப்பு விலகிவிடும், அப்புறம் கியரே விழாது. நேர்க்கோட்டு வெட்டு உள்ள திருகுகளை மட்டும் தொடுங்கள். புது ஆயிலைக் கீழ்த்துளை வழியாக, மேல்துளையில் வழியும்வரை ஏற்ற வேண்டும். மேல்திருகை முதலில் மூடிவிட்டு, பிறகு கீழே மூடுங்கள்.

கியர் போடும் விதமும் முக்கியம். மெதுவாகப் போட்டால் மோட்டாருக்கு நல்லது என்று நம் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. மெல்ல நகர்த்தும்போதுதான் பற்கள் உரசி உரசி மழுங்குகின்றன. வேகத்தை ஐட்லிங்குக்கு, அதாவது இன்ஜின் சும்மா ஓடும் அளவுக்குக் குறைத்துவிட்டு, தயங்காமல் ஒரே வீச்சில் போடுங்கள். ஐட்லிங் அதிகமாக இருந்தால் எவ்வளவு வேகமாகப் போட்டாலும் அடி விழும், அதனால் அதையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

கோளாறு தீரும்வரை முக்கா ஹெட் முனையைத் தாண்டிப் போகாதீர்கள். பாறை ஓரத்தில் அலை தள்ளும்போது முன் கியர் நழுவினால் படகைத் திருப்ப வழி இருக்காது.