தொழிற்சாலைகளிலும் பொது இடங்களிலும் எச்சரிக்கையை ஏன் படமாக வைக்கிறார்கள்? தமிழில் எழுதிப் போட்டால் போதாதா?

போதாது. கோவைப் பக்கம் ஃபவுண்டரிகளில், அதாவது உலோகத்தை உருக்கி வார்க்கும் ஆலைகளில், 12 வருடமாகப் பாதுகாப்பு வேலை பார்க்கிறேன். இதை எனக்குப் புரியவைத்தது ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு.

முன்பு வேலை பார்த்த இடத்தில், 'ஹெல்மெட் இல்லாமல் உள்ளே வராதீர்' என்று வாசலில் போர்டு வைக்கச் சொன்னார்கள். கடைக்காரர் எழுத்துக்கு மேலே ஒரு படமும் சேர்த்து அடித்துக் கொடுத்தார். சிவப்பு வட்டம், நடுவில் ஹெல்மெட், அதன் மேல் குறுக்குக் கோடு. 'இல்லாமல்' என்ற சொல்லை அவர் கோடாகப் போட்டுவிட்டார். தமிழ் படிக்கத் தெரிந்த எங்களில் யாருக்கும் அதில் தவறு தெரியவில்லை. எனக்கும்தான். இரண்டு நாள் கழித்து, ஒடிசாவிலிருந்து புதிதாக வந்த பையன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்தபடி கிரேனுக்குக் கீழே நடந்து வந்தான். நிறுத்திக் கேட்டேன். "இங்கே போடக் கூடாதுன்னு கேட்லயே இருக்கே சார்" என்று இந்தியில் சொன்னான். அவன் சரியாகத்தான் படித்திருந்தான். அந்தப் படத்துக்கு வேறு அர்த்தமே கிடையாது.

படங்களுக்கும் இலக்கணம் உண்டு. நிறத்தையும் வடிவத்தையும் ஐஎஸ்ஓ 3864 என்ற சர்வதேசத் தரநிலை சொல்கிறது. படங்களின் பட்டியல் ஐஎஸ்ஓ 7010-இல் இருக்கிறது. அது முதலில் 2003-இல் வந்தது. சிவப்பு வளையமும் இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழாகப் போகும் கோடும் இருந்தால் 'செய்யாதே'. நீல வட்டத்தில் வெள்ளைப் படம் என்றால் 'கட்டாயம் செய்'. மஞ்சள் முக்கோணம் என்றால் 'ஆபத்து இருக்கிறது'. பச்சைச் சதுரம் தப்பிக்கும் வழிக்கும் முதலுதவிக்கும், சிவப்புச் சதுரம் தீயணைப்புக் கருவிக்கும். தடைக்கும் தப்பிக்கும் வழிக்கும் நிறத்தோடு வடிவமும் மாறுவதால், சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவருக்கும் அந்த வித்தியாசம் தெரியும். இந்த மொழியில் 'இல்லாமல்' என்ற சொல் கிடையாது. ஹெல்மெட் வேண்டும் என்றால் நீல வட்டத்தில் ஹெல்மெட் அணிந்த தலையைத்தான் போட வேண்டும்.

இன்னொரு குழப்பம் சாலையிலிருந்து வருகிறது. எல்எல்ஆர் தேர்வுக்குப் படித்தவர்களுக்குத் தெரியும்: வேகக் கட்டுப்பாட்டுப் பலகையில் சிவப்பு வளையம் மட்டும்தான் இருக்கும், கோடு இருக்காது. அந்தப் பழக்கத்தில் தொழிற்சாலைக்குள்ளும் வெறும் வளையம் போட்டு விடுகிறார்கள். இங்கே அது தவறு. கோடு கண்டிப்பாக வேண்டும், பலகைப் பரப்பில் குறைந்தது 35 சதவீதமாவது சிவப்பு இருக்க வேண்டும். அழகுக்காக வளையத்தை மெலிதாக்கித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

எங்கள் ஃபர்னஸ் பக்கத்தில் ஒரு பலகை உண்டு. தீச்சுவாலை மேல் வாளித் தண்ணீர் ஊற்றுவதுபோல் படம், குறுக்கே சிவப்புக் கோடு. நெருப்பைக் கண்டால் தண்ணீரைத் தேடுவது மனித இயல்பு. உருகிய உலோகத்துக்கு அடியில் தண்ணீர் சிக்கினால் நொடியில் நீராவியாகி, உலோகத்தையே வெடித்துத் தெறிக்க வைக்கும். அந்த ஒரு நொடியில் யாரும் வாக்கியம் படிக்க மாட்டார்கள், அது தாய்மொழியிலேயே இருந்தாலும்.

பொது இடங்களுக்கு வந்தால், நம் நாட்டின் 2008 புகைபிடித்தல் தடை விதிகளை எனக்குப் பிடிக்கும். பலகை குறைந்தது 60-க்கு 30 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், வட்டத்துக்குள் சிகரெட் அல்லது பீடி இருக்கலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. பீடி குடிப்பவர் 'இது சிகரெட்டுக்குத்தான்' என்று நினைத்துவிடக் கூடாது என்று யாரோ அக்கறையோடு யோசித்திருக்கிறார்கள்.

ஆனால் எல்லாப் படமும் தானாகப் பேசாது. கதிரியக்கத்துக்கான மூவிதழ்க் குறியைப் பாருங்கள். தெரியாதவருக்கு அது வெறும் ஃபேன் இறக்கை. 2010-இல் டெல்லி மாயாபுரியில் பழைய இரும்புக் கடைத் தொழிலாளர்கள் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் இருந்த ஒரு கருவியை என்னவென்று தெரியாமல் பிரித்தார்கள், ஒருவர் இறந்தார். இப்படிப்பட்ட விபத்துகளைத் தடுக்கத்தான் சர்வதேச அணுசக்தி முகமை 11 நாடுகளில் மக்களிடம் காட்டிச் சோதித்து, அதற்கு முன்பே 2007-இல் ஒரு கூடுதல் குறியை வெளியிட்டது. சிவப்பு முக்கோணத்தில் கதிர்கள், மண்டையோடு, ஓடும் மனிதன். கருவியைப் பிரிக்கப் போகிறவர் கண்ணில் படும்படி உள்ளே ஒட்டுவதற்கானது அது.

அதனால் இப்போது புதிதாக யார் வந்தாலும் முதல் நாளே கூட்டிக்கொண்டு போய், "இது என்ன சொல்லுது?" என்று ஒவ்வொரு பலகையாகக் கேட்கிறேன். அதிகம் தவறுவது பச்சை நிற 'கூடும் இடம்' பலகையில்தான். நான்கு மூலையிலிருந்தும் அம்புகள் நடுவில் நிற்கும் ஆட்களை நோக்கி வரும். பலர் அதை 'நாலு பக்கமும் சிதறி ஓடு' என்று படிக்கிறார்கள். அப்புறம் கேட் அருகே வேப்பமரத்தடிக்கு நடத்திக் கூட்டிப் போய், சங்கு ஊதினால் இங்கேதான் வந்து நிற்கணும் என்று நிற்க வைத்துக் காட்டுகிறேன்.