வாசகர் கேள்வி: ஸோடியாக்கின் 13 குறிகள்

கேள்வி: 1960களின் கடைசியில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் கொலைகள் செய்து, பத்திரிகைகளுக்குச் சங்கேதக் கடிதங்கள் அனுப்பிய ஸோடியாக் கொலைகாரன் 1970 ஏப்ரலில் 'என் பெயர்' என்று எழுதி, கீழே எழுத்துகளுக்குப் பதிலாக 13 சங்கேதக் குறிகள் போட்டு அனுப்பினானே, அதோடு ராப்பகலாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு பெயர் கச்சிதமாகப் பொருந்துகிறது. எப்படி நிரூபிப்பது?
– வாசகர், திருச்சி

பதில்: அந்த 13 குறிகளை மட்டும் வைத்து நிரூபிக்கவே முடியாது. அவற்றில் வெவ்வேறானவை 8தான். ஓர் எழுத்துக்கு ஒரு குறி என்ற எளிய முறையிலேயே 25 எழுத்துக்கு மேல் இருந்தால்தான் 'விடை இது ஒன்றுதான்' என்று சொல்லலாம். இவனோ ஒரே எழுத்துக்குப் பல குறி போடுகிறவன். 1969 ஜூலையில் மூன்று பத்திரிகைகளுக்குத் துண்டு துண்டாக அனுப்பிய 408 குறிக் கடிதத்தில் ஆங்கில 'ஈ'க்கு மட்டும் 7 குறிகள். இவ்வளவு இடம் கொடுத்தால் யார் பெயரும் உட்கார்ந்துவிடும்.

கேள்வி: அப்படியானால் 1969 நவம்பரில் அவன் அனுப்பிய 340 குறிக் கடிதத்தின் விடை சரி என்று எப்படி ஏற்றார்கள்?
– வாசகி, மதுரை

பதில்: நீளம்தான் காரணம். 51 ஆண்டுகள் பிடிகொடுக்காத அதை, 2020 டிசம்பரில் டேவிட் ஒரன்சாக், சாம் பிளேக், யார்ல் வான் ஐக்கே என்ற மூன்று ஆர்வலர்கள் உடைத்தார்கள்; எஃப்.பி.ஐ.யும் உறுதிசெய்தது. குறிகளை மாற்றியதோடு நிற்காமல், எழுத்துகளின் வரிசையையும் அவன் கலைத்திருந்தான். கட்டம் போட்ட தாளில் வரிக்கு 17 குறியாக, 20 வரியில் எழுதிக்கொள்ளுங்கள். முதல் 9 வரியைத் தனியாகப் பிரியுங்கள். இடது மேல் மூலையில் தொடங்கி, ஒரு கட்டம் கீழே, இரண்டு கட்டம் வலப்பக்கம் என்று நகருங்கள். விளிம்பு வந்தால் எதிர்ப்பக்கத்தில் தொடருங்கள். 153 கட்டங்களும் தலா ஒரே முறை வரும். அடுத்த 9 வரிக்கும் இதே நடைதான். ஆனால் அங்கே நடுவில் எழுத்து ஓரிடம் நகர்ந்துபோயிருக்கிறது. முதல் பகுதி தெளிவாக வந்தபிறகும் இரண்டாவது பகுதி குழம்பியது அதனால்தான். கடைசி 2 வரியில் சில சொற்கள் பின்னிருந்து முன்னாக இருக்கின்றன.

பிளேக் சுமார் 6,50,000 வாசிப்பு வரிசைகளை உருவாக்கினார். வான் ஐக்கேயின் மென்பொருள் அவற்றைச் சோதித்தபோது ஒன்றில் மட்டும் 'என்னைப் பிடிக்க முயல்கிறீர்கள்', 'விஷவாயு அறை' (அன்று அங்கே மரண தண்டனை நிறைவேற்றிய இடம்) போன்ற துண்டுகள் தெரிந்தன. எனக்கு இதில் மிக வலுவான சான்றாகப் படுவது வேறு. 1969 அக்டோபர் 22 அன்று ஒரு டி.வி. நிகழ்ச்சிக்குத் தொலைபேசியில் வந்தவன், தான்தான் ஸோடியாக் என்றும் விஷவாயு அறைக்குப் போக விருப்பமில்லை என்றும் சொன்னான். நவம்பர் 8 அன்று தபாலில் சேர்த்த அந்த 340 குறிக் கடிதத்தின் விடையோ 'டி.வி.யில் வந்தது நானல்ல, விஷவாயு அறைக்கு எனக்குப் பயமில்லை' என்கிறது. விடை கண்டவர்கள் வெளியிலிருந்து திணிக்க முடியாத செய்தி இது.

திருச்சி வாசகருக்கு இன்னொன்று: நீங்கள் கண்ட பெயரை யாரிடமும் சொல்லாதீர்கள். 5 பேர் உயிரிழந்த வழக்கு இது. தவறான பெயர் ஒரு குடும்பத்தையே வதைக்கும். பல ஆண்டுகள் சந்தேகிக்கப்பட்ட ஆர்தர் லீ ஆலனின் கையெழுத்தும் கைரேகையும் பொருந்தவில்லை. அதற்குப் பதில் 13 எழுத்துள்ள பத்துப் பெயர்களைக் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். உங்கள் பெயருக்குக் கொடுத்த அதே சலுகைகளை அவற்றுக்கும் கொடுத்துப் பொருத்துங்கள். இரண்டு பொருந்தினாலும் உங்கள் விடையைக் கைவிட்டுவிடுங்கள்.